ஃபேமிலி டே விடுமுறையில் முதல் தடவை ஸ்னோமொபைல்: ட்ரெயிலில் எப்படி நடந்துகொள்வது?

கார்த்தி_பிராம்ப்டன்:

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி ஃபேமிலி டே லாங் வீக்கெண்டுக்கு ஒன்டாரியோவில் ஹாலிபர்டன் பக்கம் ஏரிக்கரையில் ஒரு காட்டேஜ் எடுத்திருக்கிறோம், நாலு குடும்பம். அதில் ஆறு பேர் ஒரு நாள் ஸ்னோமொபைல் (பனி மேல் ஓடுகிற மோட்டார் வண்டி) வாடகைக்கு எடுத்து, அதற்கென்று உள்ள பனிப் பாதையில், அதாவது ட்ரெயிலில், ஓட்டலாம் என்று திட்டம். ஆறு பேரிடமும் கார் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் ஒருவர்கூட இதுவரை ஸ்னோமொபைலில் உட்கார்ந்ததில்லை. வாடகைக்கு விடுகிற இடத்தில் போன் பண்ணிக் கேட்டால், "வாங்க, பத்து நிமிஷம் சொல்லித் தருவோம், அப்புறம் நீங்களே ஓட்டிடுவீங்க" என்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் கேள்விகள் இவைதான். எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்க வேண்டும், கையால் ஏதோ சைகை காட்டுகிறார்களே அது கட்டாயமா? காட்டேஜ்காரர் "ஏரி நல்லா உறைஞ்சிருக்கும், அது மேலயே ஓட்டலாம்" என்கிறார், நம்பலாமா? நண்பரின் 13 வயதுப் பையன் தானும் ஓட்டுவேன் என்று அடம்பிடிக்கிறான், சட்டத்தில் இடம் இருக்கிறதா? இன்னொன்று, மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அப்பாவுக்கு 68. பின்னால் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போகணும் என்று அவருக்கு ஆசை. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சட்பரி_வாசன்:

தம்பி, பத்து நிமிஷத்தில் ஓட்டப் பழகலாம், அதில் பொய் இல்லை. வலது கைப் பெருவிரலால் அழுத்தினால் ஓடும், இடது கையில் பிரேக், மாற்றுவதற்கு கியர் கிடையாது. இவ்வளவு சுலபம் என்பதால்தான் அரை மணித்தியாலத்தில் எல்லாருக்கும் கை தேறிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நான் வடக்கே வந்து குடியேறி வருஷம் நிறைய ஆகிவிட்டது, இங்குள்ள ஸ்னோமொபைல் கிளப் ஒன்றில் தொண்டனாகவும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ட்ரெயில் என்பது ரோடு இல்லை என்பதை மனதில் வையுங்கள். இரண்டு பக்கமும் மரம், நடுவில் கோடு கிடையாது, ஆனால் இரண்டு திசையிலும் வண்டி வரும். வலது பக்கமாகவே போக வேண்டும், அதுவும் வளைவிலும் மேட்டிலும் வலது ஓரத்தை ஒட்டியே போக வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் வலது பக்கம் திரும்புகிற வளைவு. வேகமாக உள்ளே வந்து ஹாண்டிலைத் திருப்பினால் முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கிற ஸ்கீ பனியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு நேரே போகும். நேரே போனால் எங்கே போய் நிற்பீர்கள்? எதிரே வருகிறவனுடைய பக்கத்தில். ஆகவே வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்காதீர்கள், நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவின் முடிவைப் பார்த்தபடி மெதுவாக அழுத்திப் போங்கள். மரத்தைப் பார்த்துப் பயந்துகொண்டே ஓட்டினால் வண்டியும் மரத்தைப் பார்த்தே போகும்.

ஒன்ராறியோவில் ட்ரெயிலில் சட்டப்படி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். கார்க்காரர்களுக்கு அது நடை மாதிரித் தோன்றும். 50 என்றால் ஒரு செக்கனுக்கு 14 மீட்டர். எதிரே வருகிறவனும் அதே 50 என்றால் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கி செக்கனுக்கு 28 மீட்டர் நெருங்குகிறீர்கள். வளைவில் அவன் கண்ணில் படுவதே 40, 50 மீட்டரில்தான். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் போகிறீர்கள் என்பதால் வரிசை முக்கியம். முன்னால் ஒரு நிதானமானவர், அவருக்கு அடுத்ததாக ஆகப் பயந்தவர், கடைசியில் இன்னொரு நிதானமானவர். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. சந்தி வந்தால் பின்னால் வருகிறவர் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பார்க்கும் வரை அங்கேயே நில்லுங்கள். இதைச் செய்யாமல் ஆளைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு திரும்பி வருகிற கூட்டத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கலாம். இடைவெளியும் விடுங்கள். முன்னால் போகிற வண்டி கிளப்புகிற பனித்தூள் புகை மாதிரி எழும்பும், அதற்குள் ஓட்டினால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, எதிரே வருகிறவனுக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். முதல் வண்டி கடந்ததும் பாதை காலி என்று நினைத்து அவன் நடுவுக்கு வந்துவிடுவான்.

நிற்க வேண்டுமென்றால் நேரான இடத்தில், வலது ஓரத்தில், ஒன்றன் பின் ஒன்றாக. வளைவிலும் மேட்டின் மறுபக்கத்திலும் ஒருநாளும் நிற்காதீர்கள். செல்ஃபி எடுக்க நாலு வண்டியைப் பக்கம் பக்கமாக நிறுத்துகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

குரூமர் என்று ஒன்று இருக்கிறது, டிராக்டர் போலப் பெரிய யந்திரம், பின்னால் ஒரு பெரிய பாளத்தை இழுத்துக்கொண்டு பாதையைச் சமன் செய்துகொண்டு வரும். பெரும்பாலும் இரவில்தான் வேலை செய்யும், மேலே மஞ்சள் விளக்கு சுழலும். அது ட்ரெயிலின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். எதிரே வந்தால் நீங்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், அது உங்களுக்காக ஒதுங்காது. பின்னால் அகப்பட்டால் ஓட்டுநர் உங்களைக் கண்டு கை காட்டும் வரை முந்தாதீர்கள். அப்போதுதான் சமன் செய்த பாதை இறுகுவதற்குச் சில மணித்தியாலம் குளிரில் கிடக்க வேண்டும், உடனே ஏறி ஓடினால் அந்த இரவு வேலை முழுக்க வீண். இந்த வேலையில் பெரும் பகுதியைச் செய்கிறவர்கள் கிளப் தொண்டர்கள்.

கடைசியாக, இதுதான் பலருக்குத் தெரியாது. நீங்கள் ஓடப் போகிற ட்ரெயிலில் நிறையப் பகுதி யாரோ ஒரு விவசாயியுடைய அல்லது காணிக்காரருடைய நிலம். அவர் விரும்பி விட்டிருக்கிறார், அவ்வளவுதான். யாராவது ஒருவர் பாதையை விட்டு இறங்கி அவருடைய வயலிலோ இளம் மரக்கன்றுகளுக்குள்ளோ புது ஸ்னோவில் வட்டம் அடித்தால் அடுத்த வருஷம் அவர் கேட்டைப் பூட்டிவிடுவார். ஒரு காணி பூட்டப்பட்டால் அதற்கு இரண்டு பக்கமும் உள்ள ட்ரெயில் முழுக்கப் பிரயோசனம் இல்லாமல் போகும். வேறு பாதை தேடி, அனுமதி கேட்டு, மரம் வெட்டி, பாலம் போட வருஷக் கணக்கில் ஆகும். வீடுகள் பக்கத்தில் வந்தால் வேகத்தையும் சத்தத்தையும் குறையுங்கள். ஏரி பற்றிப் பிறகு தனியாக எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போக வேண்டும்.

ஸ்லெட்_பிரியன்:

வாசன் அண்ணன் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கை சைகை பற்றி ஒரு வார்த்தை. இடது கையை நேரே மேலே தூக்கினால் நிற்கப் போகிறேன். பக்கவாட்டில் நீட்டினால் இடது பக்கம் திரும்புகிறேன். முழங்கையை மடக்கிக் கையை நிமிர்த்தினால் வலது பக்கம். பக்கவாட்டில் கீழ்நோக்கி நீட்டி ஆட்டினால் வேகம் குறைக்கிறேன். எதிரே வண்டி வருகிறது என்று பின்னால் வருபவருக்குச் சொல்ல கையைத் தலைக்கு மேலே இடமிருந்து வலமாக ஆட்டி வலது ஓரத்தைக் காட்டுவார்கள். பெருவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் எனக்குப் பின்னால் இன்னும் ஆள் வருகிறார்கள். முழங்கை மடங்கியபடி மூடிய முஷ்டி என்றால் நான்தான் கடைசி.

எல்லாம் இடது கையால்தான், ஏனென்றால் வலது கை முடுக்கியில் இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள், பிரேக் எந்தக் கையில்? அதே இடது கையில். அதாவது எதிரே வண்டி வருகிற, பிரேக் மிகவும் தேவைப்படுகிற அந்த நேரத்தில் புதிதாக ஓட்டுகிறவர் பிரேக்கிலிருந்து கையை எடுத்து ஆட்டிக்கொண்டிருப்பார். என்னைக் கேட்டால் முதல் நாள் ஓட்டுகிறவர்கள் அடுத்தவர் காட்டுவதைப் புரிந்துகொண்டால் போதும், தாங்கள் காட்ட வேண்டியதில்லை, இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கட்டும். சிலர் பின்னால் எத்தனை வண்டி என்று விரல் விட்டுக் காட்டுவார்கள். அதைப் பார்த்து எண்ணிக்கொண்டு, அஞ்சு வந்தாச்சு, இனி யாரும் இல்லை என்று நினைக்காதீர்கள். நடுவில் வேறு கூட்டத்து ஆள் ஒருவர் கலந்திருப்பார்.

50 கிலோமீட்டர் விஷயத்திலும் கொஞ்சம் யதார்த்தமாகப் பேசுவோம். நேரான, அகலமான பழைய ரயில் பாதை ட்ரெயிலில் யாரும் 50-இல் போவதில்லை. புதியவர்கள் 40-இல் ஊர்ந்துகொண்டு போனால் பின்னால் வருகிறவர்களுக்கு எரிச்சல், அவர்கள் ஏடாகூடமான இடத்தில் முந்தப் பார்ப்பார்கள்.

சட்பரி_வாசன்:

@ஸ்லெட்_பிரியன், கை சைகை பற்றிச் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம், நல்ல விளக்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், "நிற்கப் போகிறேன்" என்பதை மட்டும் எல்லாரும் காட்டப் பழகுங்கள், அதைக் காட்டாமல் நின்றால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறுவார்.

வேகத்தில் சம்மதம் இல்லை. பின்னால் வருகிறவருக்கு எரிச்சல் வந்தால் நேரான இடத்தில் வலது பக்கம் ஒதுங்கி அவரை விட்டுவிடுங்கள், அதற்குப் பத்து செக்கன் போதும். அவருடைய எரிச்சலுக்காக இவர்கள் ஏன் வேகம் கூட்ட வேண்டும்? பழைய ரயில் பாதை என்கிறீர்கள், அங்கேதான் நடக்கிறவர்கள், நாயோடு வருகிறவர்கள், ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலமான காலணி) போட்டவர்கள் எல்லாம் இருப்பார்கள். ரோடைக் கடக்கிற இடங்களும் அங்கேதான் அதிகம். கடக்கும்போது முழுக்க நிறுத்தி, செங்குத்தாகக் கடக்க வேண்டும். முன்னால் போனவர் "வா வா" என்று கை காட்டினாலும் ஒவ்வொருவரும் தானே இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் கார்ச் சத்தம் கேட்காது.

இரவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்னோமொபைல் விளக்கு சுமார் 60 மீட்டர் வரைதான் ஒழுங்காகக் காட்டும். 80-இல் போனால் அந்த 60 மீட்டரை மூன்று செக்கனுக்குள் தாண்டிவிடுவீர்கள். மூஸ் (பெரிய மான் இனம்) ஒன்று ட்ரெயிலில் நின்றால் அது ஓடாது, ஆழப் பனியில் இறங்குவதைவிட இறுகிய ட்ரெயிலில் நிற்பதுதான் அதற்கு வசதி. முதல் தடவை போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு பேச்சே வேண்டாம்.

சரி, ஏரி. காட்டேஜ்காரர் சொன்னதை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அவர் எப்போது, எங்கே அளந்தார் என்று கேளுங்கள். கனடிய செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்குச் சொல்வது 25 சென்ரிமீற்றர், அதுவும் தெளிந்த நீல ஐஸுக்கு. வெள்ளையாக இருக்கிற ஐஸ், அதாவது ஸ்னோ நனைந்து உறைந்தது, பாதிப் பலம்தான், அப்படியென்றால் இரு மடங்கு தடிப்பு வேண்டும். சாம்பல் நிறம் என்றால் கிட்டேயே போகாதீர்கள், உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே ஏரியில் ஓரிடத்தில் 40 சென்ரிமீற்றர், நூறு மீட்டர் தள்ளி 10 சென்ரிமீற்றர் இருக்கும். இரண்டு கரையும் நெருங்கி வருகிற இடம், ஆறு வந்து சேருகிற இடம், ஊற்று உள்ள இடம் எல்லாம் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் மெல்லியதாகவே இருக்கும். காட்டேஜ் ஏரிகளில் இன்னொரு பொறி உண்டு. படகுத்துறையை ஐஸ் நெரித்துவிடக் கூடாது என்று சிலர் தண்ணீருக்கு அடியில் காற்றுக்குமிழி விடுகிற கருவியை ஓடவிடுவார்கள். அந்தத் துறையைச் சுற்றி ஐஸ் இருக்காது, அல்லது மேலே மெல்லிய தோல் போல் உறைந்து அதன் மேல் ஸ்னோ மூடியிருக்கும். கரையை ஒட்டிப் போனால் பத்திரம் என்று நினைத்து வருகிறவர்கள் நேரே அதற்குள்தான் போவார்கள்.

கம்பு நட்டு வழி குறித்திருந்தாலும் அது வழியைத்தான் காட்டுகிறது, ஐஸுக்கு உத்தரவாதம் இல்லை. ஐஸ் தடிப்பாகவே இருந்தாலும் மேலே ஸ்னோ பாரம் ஏறினால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே வந்து ஸ்னோவுக்கு அடியில் கூழாக நிற்கும். அதில் வண்டி இறங்கினால் நிறுத்தாதீர்கள், ஒரே சீராக அழுத்திக்கொண்டு வெளியே வாருங்கள், பின்னால் வருகிறவர் அதே தடத்தில் வரக் கூடாது. நின்றுவிட்டால் ஆறு பேர் சேர்ந்தாலும் இழுக்கக் கஷ்டம், இழுத்த பிறகு டிராக் (வண்டிக்கு அடியில் சுழல்கிற பட்டை) உறைந்து இறுகிப் போகும்.

என் ஆலோசனை, முதல் தடவை என்றால் ஏரியே வேண்டாம். ஹாலிபர்டனில் காட்டுக்குள் ஓட வேண்டிய அளவுக்கு ட்ரெயில் இருக்கிறது.

நர்ஸ்_மாலா:

நான் எமர்ஜென்சியில் வேலை செய்கிறேன், ஸ்னோமொபைல் ஓட்டத் தெரியாது, அதனால் அந்தப் பக்கம் எதுவும் சொல்லவில்லை. ஏரிக்குப் போக மாட்டோம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் காட்டேஜ் வாசலிலேயே ஏரி இருந்தால் சாயங்காலம் யாராவது ஒருவர் "சும்மா ஒரு ரவுண்டு" என்று இறங்கத்தான் செய்வார். எனவே இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மானிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் என்ற பேராசிரியர் குளிர்ந்த தண்ணீர் பற்றி ஆராய்ச்சி செய்தவர், தானே பல தடவை ஐஸ் தண்ணீரில் இறங்கிப் பார்த்தவர். அவர் சொல்வது 1-10-1. விழுந்ததும் முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், கட்டுப்படுத்த முடியாது, அப்போது தலையை வெளியே வைத்துக்கொண்டு மூச்சை நிதானப்படுத்துவது மட்டும்தான் வேலை. அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்ன பேச்சைக் கேட்கும், வெளியே வர வேண்டுமென்றால் அதற்குள் வர வேண்டும். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம் ஆகும். இது தெரியாதவர்கள் இரண்டு நிமிஷத்தில் உறைந்து செத்துவிடுவோம் என்று பதறி, அந்தப் பதற்றத்திலேயே மூழ்குகிறார்கள்.

வந்த பக்கமே திரும்புங்கள், ஏனென்றால் அந்த ஐஸ்தான் இதுவரை உங்களைத் தாங்கியது. கையை ஐஸ் மேல் பரப்பி, நீச்சலடிப்பது மாதிரி காலை உதைத்து, உடம்பைப் படுக்கை வசமாக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது, உருண்டே தள்ளிப் போக வேண்டும். கழுத்தில் மாட்டுகிற ஐஸ் பிக் என்று கூரான இரண்டு பிடி விற்கிறார்கள், விலை குறைவு, ஈர ஐஸில் கை வழுக்காமல் குத்தி ஏற அதுதான் உதவும். ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காப்பாற்றப் போகிறவர் கிட்டே ஓடாமல் கயிறோ கிளையோ வீச வேண்டும்.

உடை விஷயம். வெளியே மைனஸ் 15, நீங்கள் 50-இல் போகிறீர்கள் என்றால் திறந்திருக்கிற தோலுக்கு அது மைனஸ் 29 மாதிரி. கன்னமும் மூக்கும் மணிக்கட்டும்தான் முதலில் போகும். உள்ளே பருத்தி டீஷர்ட், ஜீன்ஸ் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளுடை போடுங்கள். தொங்குகிற மஃப்ளர், துப்பட்டா, ஷால் எதுவும் கூடாது, டிராக்கில் மாட்டினால் கழுத்து போய்விடும். தலையோடு கழுத்தையும் மூடுகிற மாஸ்க் போட்டு அதற்கு மேல் ஹெல்மெட். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

அப்புறம் அப்பா விஷயம். நான் பார்க்கிற காயங்களில் பின்னால் உட்கார்ந்தவர்களின் முதுகெலும்பு உண்டு. ஓட்டுகிறவருக்கு மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும், முழங்காலை மடக்கி எழுந்துகொள்வார். பின்னால் இருப்பவர் எதுவும் தெரியாமல் அப்படியே சீட்டில் விழுவார். அப்பாவுக்கு எலும்புத் தேய்மானமோ, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

கார்த்தி_பிராம்ப்டன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஏரி கேன்சல், அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன், இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை. ஐஸ் பிக் ஆர்டர் பண்ணியாச்சு. அப்பாவுக்கு இரத்த மாத்திரை கிடையாது, மூட்டு வலி உண்டு. பையன் விஷயம் யாரும் சொல்லவில்லையே? அப்புறம் இன்னொரு சந்தேகம், மதியம் சாப்பிட நிறுத்துகிற இடத்தில் ஒரு பீர் குடித்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கிறார் (நான் இல்லை).

ஸ்லெட்_பிரியன்:

அந்த ஒருவரிடம் சொல்லுங்கள், ஸ்னோமொபைலில் குடித்து மாட்டினால் பறிபோவது கார் லைசென்ஸ். இரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08 அல்லது அதற்கு மேல் என்றால் குற்றவியல் சட்டம், காருக்கு என்னவோ அதேதான். 0.05-லிருந்தே ஒன்டாரியோவில் லைசென்ஸை அந்த இடத்திலேயே நிறுத்திவைப்பார்கள். கஞ்சாவுக்கும் இதே கதை. லாங் வீக்கெண்டில் ட்ரெயில் சந்திப்புகளில் ஓ.பி.பி. (ஒன்டாரியோ மாகாணப் போலீஸ்) நிற்பார்கள், அவர்களோடு கிளப்பைச் சேர்ந்த தொண்டர் அதிகாரிகளும் இருப்பார்கள், பெர்மிட், இன்சூரன்ஸ், ஓனர்ஷிப் எல்லாம் கேட்பார்கள். வேகத்தில் நான் கொஞ்சம் தாராளம்தான், இதில் கிடையாது. குடித்தவன் என் கூட்டத்தில் வர முடியாது.

பையன்: 12 வயது முடிந்தவர்கள் ஸ்னோமொபைல் ஓட்டுநர் வகுப்பு முடித்து அதற்கான லைசென்ஸ் எடுத்தால் ட்ரெயிலில் ஓட்டலாம். 16 ஆகும் வரை ரோட்டில் ஓட்டவோ ரோடைக் கடக்கவோ கூடாது. ஹாலிபர்டன் பக்கம் ரோடைக் கடக்காமல் எங்கே போவது? அதோடு வாடகைக்கு விடுகிறவர்கள் வயது விஷயத்தில் சட்டத்தைவிடக் கறாராக இருப்பார்கள். இந்தத் தடவை பின்னால் உட்காரட்டும், கால் இரண்டும் மிதியில் எட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பேர் சீட் உள்ள வண்டியா என்று முன்கூட்டியே கேளுங்கள், ஒற்றை சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முன்பக்கம் பாரம் குறைந்து ஸ்கீ பிடிக்காது.

ஒரு சின்ன விஷயம், சாவிக் கயிறு. ஒரு முனை வண்டியில், மறு முனை உங்கள் ஜாக்கெட்டில். நீங்கள் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். கோர்க்காமல் சும்மா தொங்கவிட்டு ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மார்க்கம்_ரவி:

இன்சூரன்ஸ் பக்கம் நான் சொல்கிறேன், அந்தத் துறையில் இருக்கிறேன். மூன்று தனித்தனி விஷயம், எல்லாரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள்.

வாடகை வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்கும், ஆனால் வண்டிக்கு வருகிற சேதம் உங்கள் தலையில்தான் விழும், டெபாசிட் எவ்வளவு, அதற்கு மேல் போனால் யார் கட்டுவது என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். ஒரு ஸ்கீயும் முன் மூடியும் உடைந்தாலே ஆயிரக்கணக்கில் பில் வரும். என் உறவினர் ஒருவர் இப்படி மாட்டினார், கொடுத்தபோதே இருந்த கீறலுக்கும் சேர்த்துக் காசு பிடித்துவிட்டார்கள். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவையுங்கள். உங்கள் கார் இன்சூரன்ஸோ கிரெடிட் கார்டு இன்சூரன்ஸோ இதற்கு வரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ட்ரெயில் பெர்மிட் வாடகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள், இல்லாமல் ஏறினால் அபராதம் உங்களுக்கு.

இரண்டாவது உங்கள் ஆறு பேரின் மருத்துவச் செலவு. ஓ.ஹெச்.ஐ.பி. (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) இருப்பதால் பெரிய கவலை இல்லை.

மூன்றாவதுதான் சிக்கல், அப்பா. சூப்பர் விசாவில் (பெற்றோர், தாத்தா பாட்டி நீண்ட நாள் தங்க வருகிற விசா) வந்தவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருப்பீர்கள். அந்த பாலிசியில் எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். மோட்டார் விளையாட்டு, ஆபத்தான செயல்பாடு என்று எழுதியிருந்தால் கம்பெனிக்குப் போன் பண்ணி, ஸ்னோமொபைலில் பின்னால் உட்காருவதும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. இடுப்பு முறிந்தால் ஆபரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று மாலா அக்காவுக்கே தெரியும்.

சட்பரி_வாசன்:

ரவி சொன்னது முக்கியம். அப்பாவுக்கு மனம் கோணாமல் செய்ய ஒரு வழி சொல்கிறேன். காட்டேஜ்காரர் சம்மதித்தால், அவருடைய சொந்தக் காணியில் சமமான இடத்தில், ஓட்டிப் பழகிய ஒருவர் நடை வேகத்தில் கொண்டுபோய் வரட்டும், படமும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் இன்சூரன்ஸ் பதில் வந்த பிறகுதான்.

உங்களுக்கு நேரம் பற்றியும் ஒன்று. காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். இரவு குரூமர் போன பாதை காலையில் மேசை போல இருக்கும். லாங் வீக்கெண்டில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு ஆயிரம் வண்டி ஓடி மேடு பள்ளமாகிவிடும், முதுகு போய்விடும். முதல் நாள் இரவே ஓ.எஃப்.எஸ்.சி. (ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்பு) இணைய வரைபடத்தைப் பாருங்கள். பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் ஓடலாம் ஆனால் நிலைமை சுமார், கவனம் தேவை, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. சிவப்பில் மற்றவர்கள் ஓடிய தடம் இருந்தாலும் போகாதீர்கள், அது அத்துமீறி நுழைந்த கணக்கு. 2023-24 குளிர்காலம் மாதிரி ஸ்னோ இல்லாத வருஷமாக இருந்தால் தெற்கே முழுக்கச் சிவப்பாகவே இருக்கும், அதனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

போன் பல இடத்தில் வேலை செய்யாது, குளிரில் பாட்டரியும் சீக்கிரம் இறங்கும், உள் பாக்கெட்டில் வையுங்கள். ஐபோன் 14-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செய்மதி வழியாக அவசர உதவி கேட்கலாம், உங்கள் கூட்டத்தில் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் காட்டேஜில் இருப்பவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கார்த்தி_பிராம்ப்டன்:

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். வாடகை இடத்தில் கேட்டேன், பெர்மிட் சேர்ந்ததுதான், டெபாசிட் ஒரு வண்டிக்கு இரண்டாயிரம் டாலர், ஸ்னோ இல்லாவிட்டால் வேறு தேதி தருவார்களாம், பணம் திரும்பக் கிடைக்காது. வழிகாட்டி ஒருவரோடு போகிற அரை நாள் பேக்கேஜும் இருக்கிறது, கொஞ்சம் விலை கூட. அது பிரயோஜனமா?

ஸ்லெட்_பிரியன்:

ஆறு பேரும் புதுசு, கண்டிப்பாக எடுங்கள். வழிகாட்டி முன்னால் போவார், வரிசையின் கடைசி ஆள் யார் என்பதை மட்டும் நீங்கள் முடிவு பண்ணினால் போதும்.